அவர் கை கழுவப் போகாத ராத்திரி

சிங்கப்பூரில் வேலை பார்க்கிற எங்கள் மகள் போன வருஷம் என்னையும் என் வீட்டுக்காரரையும் அங்கே வரவழைத்துக் கப்பலில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தாள். அவர் சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். கடையை விட்டுவிட்டு நாலு நாள் சேர்ந்தாற்போல் வெளியூரில் தங்கியதாக எனக்கு ஞாபகமே இல்லை. கல்யாணமான புதிதில் திருச்செந்தூர் போனபோதுகூட, சாயங்காலம் கடை திறக்கணும் என்று மத்தியானமே என்னை பஸ் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார். கப்பல் என்றால் பாதியில் இறங்க முடியாதில்லையா, அதுதான் மகள் போட்ட கணக்கு.

டிக்கெட் எடுத்த பிறகு ஒரு நாள் போன் செய்தாள். கப்பலில் மூன்று வேளைச் சாப்பாடும் டிக்கெட்டோடு சேர்ந்தது, பெரிய ஹாலில் தட்டை எடுத்துக்கொண்டு போய் வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம். அது போக ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட் ஒன்று இருக்கிறதாம். அங்கே எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு ராத்திரி சாப்பாடு உண்டு. எந்த ராத்திரி என்று இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இடம் கிடைக்காது.

"அங்க ஒவ்வொண்ணா கொண்டுவந்து வைப்பாங்கம்மா. சாப்பிட்டு முடிக்கவே ரெண்டு மணி நேரம் ஆயிரும். அப்பாகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிரு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. ரெண்டு மணி நேரம் என்பதிலேயே நின்றுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் இது புரியும். ஒரு கண் தட்டில், ஒரு கண் வாசலில். கடையில் டிபன் கேரியரைப் பிரித்து, யாராவது சேலை கேட்டு வருவதற்குள் மூடிப் பழகிய மனுஷர், வீட்டிலும் அப்படியேதான் சாப்பிடுவார். நான் பரிமாறி, குழம்பை ஊற்றி, மோரையும் ஊற்றிவிட்டு என் தட்டை எடுத்துக்கொண்டு உட்காருவேன். அதற்குள் அவர் கை கழுவிவிட்டுத் துண்டைத் தேடிக்கொண்டிருப்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் இதே கதைதான். என் இலைக்குப் பாயசம் வரும்போது அவர் வெற்றிலைத் தட்டுப் பக்கம் நின்று எந்த அண்ணாச்சியோடாவது பேசிக்கொண்டிருப்பார். எங்கள் ஊர் பிரியாணியைச் சாப்பிட எங்கெங்கிருந்தோ கார் போட்டு வருகிறார்கள். உள்ளூர்க்காரி நான் அதைக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. பொட்டலம்தான் வீட்டுக்கு வரும்.

மோசமான மனுஷர் என்று சொல்லவரவில்லை. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் என்றால் அவருக்குத் தூக்கம் போய்விடும். ஆனால் எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. எதிரே உட்கார வேண்டும், நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எழுந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான். இதை வாய்விட்டுக் கேட்க வெட்கம், அதுவும் இந்த வயசில். கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது என்ற வீம்பும் எனக்கு உண்டு. அதனால் ரெஸ்டாரண்ட் விஷயத்தை மட்டும் சொன்னேன், ரெண்டு மணி நேரத்தைச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் கறி எடுப்பதென்றால் காலண்டரிடம் உத்தரவு வாங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை முருகனுக்கு, வெள்ளிக்கிழமை கோமதி அம்மனுக்கு, அமாவாசை அவருடைய அப்பாவுக்கு, அப்புறம் கார்த்திகை, சஷ்டி. இதெல்லாம் போக மிச்சம் இருக்கிற நாளில் சொந்தத்தில் எங்காவது சாவு, துஷ்டி என்று விழுந்துவிடும். சைவம் சாப்பிட்டுவிட்டு வரலாமே என்றால் அதுவும் ஆகாது, கறி வேகிற அடுப்புப் பக்கமே விரத நாளில் போக மாட்டார்.

ஹாலில் தொங்கிய காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டார். வருஷா வருஷம் எங்கள் கடையில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற காலண்டர்தான் அது. கடை பெயர் போட்ட காலண்டரைத் தவிர வேறெதையும் அவர் நம்ப மாட்டார். தாளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். திங்கட்கிழமை கப்பல் ஏறுகிறோம், கடல் எப்படியிருக்குமோ, வயிற்றைப் புரட்டும், அன்றைக்கு வேண்டாம் என்றார். புளியங்குடி பஸ்ஸிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்கிறவர், சொன்னதில் நியாயம் இருந்தது. செவ்வாய் விரதம். வியாழன் அமாவாசை. வெள்ளி காலையில் இறங்கிவிடுவோம். மிஞ்சியது புதன். முகூர்த்தம் குறிக்கிற மாதிரி ராகுகாலமும் பார்த்தார். ராத்திரியில் ஏது ராகுகாலம் என்று கேட்டேன், முறைத்தார்.

அவர் மனசு மாறுவதற்குள் மகளுக்குப் போன் போட்டுப் புதன்கிழமை என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே கடைக்குப் போய் மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை வைத்த சேலை ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தேன். கப்பலில் இதை யாருக்குக் காட்டப் போகிறாய் என்று கேட்டார்.

கப்பலில் ஏறும்போது கோயில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டோம். பையில் எலுமிச்சம்பழம் வேறு. கடல் என்னவோ குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. முதல் ராத்திரி அந்தப் பெரிய ஹாலுக்குப் போனோம். நான் தட்டோடு வரிசையில் நிற்கும்போதே அவர் சாப்பிட்டு முடித்துவிட்டு, மேலே போய்க் காற்றாட நிற்கிறேன் என்று கிளம்பிவிட்டார். நான்கு நாற்காலி போட்ட மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். போகட்டும், புதன்கிழமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை விரதம் என்பதால் ரூமிலேயே ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு இரண்டு வாழைப்பழமும் ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கும் தின்றார்.

புதன்கிழமை காலையில் சேலையை எடுத்துக் கட்டில் மேல் விரித்துவைத்திருந்தேன். அவருடைய தம்பி ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்ததை அவர் சத்தமாகப் போட்டார்.

"அண்ணே, கோயில்ல கேட்டேன். இன்னைக்குத்தான் அமாவாசையாம். நம்ம காலண்டர்ல நாளைக்குன்னு தப்பா கெடக்கு. அப்பாவுக்குத் தர்ப்பணம் நான் கொடுத்துட்டேன். நீ விரதம் மட்டும் இருந்துக்க."

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. எங்கள் வீட்டில் தலைமுறையாகப் பார்ப்பது வாக்கியப் பஞ்சாங்கம். இந்த வருஷம் அச்சகத்துக்காரர்கள் எங்கள் கடைக் காலண்டரைத் திருக்கணிதப்படி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்; அது வேறு கணக்கு, சில மாதம் திதி ஒரு நாள் முன்னே பின்னே விழும். இவர் கடை பெயர் பெரிதாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கட்டுக் கட்டாக வாங்கி வந்திருக்கிறார். ஊரில் எத்தனை பேர் நம்ம காலண்டரை நம்பி இன்றைக்குக் கறி எடுத்தார்களோ என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு, பிள்ளையிடம் சொல்லி ரெஸ்டாரண்டை ரத்து செய்துவிடு என்றார்.

சரி, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாமே என்றேன். இன்று அமாவாசை என்றால் நாளை சும்மாதானே?

"எதுக்கு வம்பு. காலண்டர்லயும் போட்டிருக்கில்லா? ரெண்டு நாளும் இருந்துருதேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். ஊரிலிருந்து இத்தனை மாதமாக அந்த ஒரு ராத்திரியை நினைத்துக்கொண்டு வந்தவள் நான். அதை அச்சகத்துக்காரனும் இவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டு போவதா? பகல் முழுக்க அவரோடு பேசவில்லை. பொழுது சாயும் நேரத்தில் எழுந்து முகம் கழுவி, மாம்பழச் சேலையை எடுத்துக் கொசுவம் வைக்க ஆரம்பித்தேன். எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டார்.

"விரதம் உங்களுக்குத்தான். புருசன் இருக்கிறவ அமாவாசைக்குப் பட்டினி கெடக்கக் கூடாதுன்னு உங்க வீட்லதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. நான் சாப்பிடப் போறேன்" என்றேன்.

"தனியாவா போவ?"

"மேசை ரெண்டு பேருக்குப் போட்டிருக்காங்க. ஒரு நாற்காலி சும்மா கெடந்துட்டுப் போகுது."

கதவைச் சாத்திவிட்டு நடந்தேன். கல்யாண மண்டபத்தை நீட்டிவிட்ட மாதிரி முடியாத நடைவழி. போகப் போகக் கோபம் வடிந்து அழுகை வந்தது. தனியாகப் போய் அங்கே என்ன செய்யப் போகிறேன்? அதற்கு ஹாலிலேயே சாப்பிட்டிருக்கலாமே. திரும்பிவிடலாமா என்று நினைத்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டை போட்டு, விபூதியை அழுத்திப் பூசிக்கொண்டு வந்தார். நீ வழி தெரியாமல் எங்கேயாவது போய்விடுவாய் என்றார். கப்பலில் நான் எங்கே போய்விடப் போகிறேன்! ஆனால் அடுப்புப் பக்கம் வராதவர் வருகிறார், பேசிக் கெடுப்பானேன்.

சின்ன இடம்தான். மங்கலான விளக்கு, வெள்ளைத் துணி விரித்த மேசைகள். பரிமாற வந்தவர் இந்தோனேசியாக்காரர். இவர் இன்றைக்கு அப்பாவுக்காக விரதம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டிவிட்டு, இவர் முன்னால் இருந்த தட்டு, கத்தி, கரண்டி எல்லாவற்றையும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் மட்டும் வைத்தார். என் வீட்டுக்காரர் மேசை மேல் படாதபடி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

எனக்குச் சைவம் போதும் என்று சொல்லிவிட்டேன். முதலில் பூசணிக்காய் சூப் வந்தது. அவர் மேசைவிரிப்பின் நுனியை விரலால் உருட்டிப் பார்த்து, அசல் பருத்தி இல்லை, கலப்பு என்றார். கடிகாரம் எங்கே என்று சுவரில் தேடினார். அது இல்லை. போனை எடுக்கப் போனார், அது ரூமில் கிடந்தது. அப்புறம் பார்ப்பதற்கு என்னைத் தவிர வேறொன்றும் இல்லாமல் போய்விட்டது.

பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எனக்கு வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. குனிந்துகொண்டே குடித்தேன்.

"ஏட்டி, நீ இவ்வளவு மெதுவாவா சாப்பிடுவ?" என்றார்.

"எப்பவும் இப்படித்தான்."

"எனக்குத் தெரியாதே" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. புதுச் சரக்கை முதல்முறை பிரித்துப் பார்க்கிற முகத்தோடு, நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னார். பகலெல்லாம் சேர்த்துவைத்திருந்த கோபத்தை எடுத்து வீச இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் என்னால் முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. சூப் சுடுகிறது என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

"ஆத்திக் குடி. ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

அவசரமில்லை என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது, சொல்லத் தெரியாத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம் சூப்பைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்ததாகக் காளான் போட்டு ஏதோ ஒன்று வந்தது, அதற்கு அடுத்ததற்கு ரொம்ப நேரம் ஆனது. நடுவில் அவர் தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். அவரும் இப்படித்தானாம், உட்கார்ந்ததும் தெரியாது எழுந்ததும் தெரியாது. அவர் எழுந்த பிறகு அதே இலையில்தான் அம்மா சாப்பிடுவாளாம். அம்மா என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள் என்று நான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் குடித்தார்.

சாப்பாடு அவர் முன்னாலும் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். சூப்பை ஒரே மடக்கில் குடித்திருப்பார், அடுத்தது எங்கே என்று அந்த மனுஷரை விரட்டியிருப்பார், எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் காற்றாடப் போயிருப்பார். தின்ன ஒன்றும் இல்லாததால்தான் அவரால் முடிக்க முடியவில்லை. காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாள் ஆகாது, இந்த நாள் ஆகாது என்று கழித்தோமே, எனக்கு வேண்டியது கிடைத்ததோ ஆகாத நாளில்தான். கடைசியில் இனிப்பு வந்தது, கூடவே இரண்டு கரண்டி. இதில் முட்டை உண்டா என்று கேட்கச் சொன்னார். உண்டு என்றதும் கரண்டியை என் பக்கம் தள்ளிவைத்தார். எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை துறைமுகத்துக்கு மகள் காரோடு வந்திருந்தாள். அமாவாசைக் குழப்பம் எதுவும் அவளுக்குத் தெரியாது. ஸ்பெஷல் சாப்பாடு எப்படி இருந்தது என்று அப்பாவிடம்தான் கேட்டாள். அவர் முன் சீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் பூசணிக்காய் சூப், அதை உங்கம்மா ஓரத்திலிருந்தே கரண்டியால் எடுத்து எடுத்துக் குடித்தாள். ரொட்டி வைத்தான், அவள் தொடவில்லை. அப்புறம் காளான். இனிப்பில் பாதிதான் சாப்பிட்டாள், மீதியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மகள் சிரித்துவிட்டாள். அதெல்லாம் சரி, நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்றாள்.

"நானா? அன்னைக்கு எனக்கு விரதம்லா" என்றார். பிறகு பின் சீட்டில் இருந்த என்னைத் திரும்பிப் பார்க்காமலே மகளிடம் சொன்னார்.

"உங்கம்மா அந்தக் காளான எல்லாம் தட்டு ஓரத்துல ஒதுக்குனா. பிடிக்கல போலன்னு நெனச்சேன். கடைசியில ஒண்ணொண்ணா எடுத்துச் சாப்பிடுதா. பிடிச்சதக் கடைசிக்கு வச்சுக்கிடுதா போல. இத்தன வருசம் நான் எந்திரிச்சுப் போன பெறகுல்லா அவ அதச் சாப்பிட்டிருக்கா."