வேதசிரோமணி கை நனைத்த வீடு

1937ஆம் வருஷம் சென்னைச் சர்வகலாசாலைப் பெரியவர்கள் சிலருக்கு ஞானோதயம் ஏற்பட்டது. ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை ஜனங்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் அது. சும்மா கேட்டுவிட முடியுமா? அதற்கும் ஒரு படிப்பு வேண்டுமே. பொருளாதாரம், சரித்திரம், தத்துவம் என்று எதில் தேறியவரும் சேரலாம் என ஓராண்டு வகுப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். 'வாழ்க்கைநிலை விசாரணை முறை' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி உபாத்தியாயராக இருந்த வேதசிரோமணி விடுப்புப் போட்டுவிட்டு அதில் போய்ச் சேர்ந்தான். தேறினால் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. தேறாவிட்டால் பழையபடி நாலாம் வகுப்புக்குப் பெருக்கல் வாய்பாடு. கல்யாணமாகாத அவன் அந்த வேலையை நம்பித்தான் வந்த சம்பந்தங்களையெல்லாம் தள்ளிப்போட்டிருந்தான்.

வகுப்பில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. விசாரிக்கப் போகிறவன் தன்னைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லக் கூடாது. எந்தப் பதிலுக்கும் முகம் மாறக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விசாரிக்கிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடித்தால் பாசம் வந்து கணக்குக் கெட்டுவிடும். பேராசிரியர் இதையெல்லாம் சீமையில் அச்சான புத்தகத்தில் படித்திருந்தார். தாம்பரத்துக்குத் தெற்கே அவர் வந்ததில்லையாதலால், புத்தகத்தைச் சந்தேகிக்க அவருக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

பரீட்சைக்காக ஒரு தெருவை முழுக்க விசாரித்து அட்டவணை தயாரிக்க வேண்டும். வேதசிரோமணியும் கிறிஸ்தவன் என்பதால் ராஜபாளையத்தில் ஒரு கிறிஸ்தவத் தெரு வாய்த்தது. சித்திரை வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு போய் இறங்கினான். நிலம் எவ்வளவு, மாடு உண்டா, பித்தளைப் பாத்திரம் என்னென்ன, பெண்பிள்ளைகள் எத்தனை பேர், வயதென்ன, படிப்பென்ன என்று கேட்டான். காப்பி கொடுத்தார்கள். கும்பிடு போட்டு மறுத்தான். மோர் கொடுத்தார்கள். அதற்கும் ஒரு கும்பிடு.

இந்தப் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் சம்பந்தம் முடிவாகிறவரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் பெண்ணை எடுத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். வேதசிரோமணிக்கு இது தெரியாததல்ல. ஆனால் அவன் இப்போது சென்னையில் படித்தவன்.

பஞ்சு மில் மேஸ்திரி ராபர்ட்டுக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். அன்று சாயங்காலமே அவர் தெருவுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஏலே, யாரு என்னன்னு வாயத் தொறக்க மாட்டக்கான். காப்பியத் தொட மாட்டக்கான். இம்புட்டுப் பிகு பண்ணுதான்னா பெரிய எடத்து மாப்ளதாம்லே!"

அதன்பின் விசாரணை அமோகமாக நடந்தது. பெண் இல்லாத வீட்டார், "எங்களுக்குப் பொம்பளப்புள்ள கெடையாது தம்பி, வெயில்ல ஏன் அலையுதிய?" என்று அனுதாபப்பட்டு அனுப்பினார்கள். பெண் இருந்த வீடுகளிலோ நிலம் விளைந்தது, மாடு பெருகியது, வீடு தவறாமல் ஒரு பெரிய பித்தளை அண்டா பளபளவென்று நின்றது. அதன் கழுத்தில் 'ரோசம்மாள்' என்று பெயர் வெட்டியிருந்தது. எல்லா வீட்டு அண்டாவிலும் அதே பெயர்தான். அதைக் குறித்துக்கொள்ள வேதசிரோமணியின் தாளில் கட்டம் இல்லை. ஆகவே அது அவன் கண்ணிலும் படவில்லை. வாராவாரம் அட்டவணையைச் சென்னைக்கு அனுப்பினான். 'தெருவின் செழிப்பு வியக்கத்தக்கது' என்று பேராசிரியர் பதில் எழுதினார்.

தெருக்கோடியில் கடைசி வீடு ரோசம்மாளுடையது. புருஷன் இறந்தபின் மகள் அமிர்தவல்லியோடு இருந்தாள்.

"பித்தளைப் பாத்திரம்?"

"இப்ப இல்ல தம்பி."

"அண்டா, குடம்?"

"ஒண்ணுங் கெடையாது. நல்ல காரியம்னு கேக்கயில எப்பிடி இல்லங்கது?"

பின்பாதி கேள்வியில் இல்லாததால் முன்பாதியை மட்டும் எழுதினான். அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது.

"அம்மா, நம்ம அண்டாவ வீட்டுக்கு வீடு எண்ணிட்டு வந்தாவ. நம்ம வீட்ல மட்டும் காணலன்னு எழுதுதாவ, பாருங்க."

வேதசிரோமணியின் முகம் மாறியது. விதி ஒன்று போயிற்று.

"என்ன சொல்றிய?"

"கழுத்துல எங்கம்மா பேரு வெட்டியிருக்கே. மெட்ராஸ்ல எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தரலியோ?"

"ஏட்டி, சும்மா கெட! பொண்ணு பாக்க வந்தவியள்ட்ட இப்பிடியா பேசுவாவ?"

"பொண்ணு பாக்கவா? நான் படிப்புக்காக வந்தவன்மா!" என்று அவன் வந்த காரணத்தைச் சொன்னான். விதி இன்னொன்றும் போயிற்று. பாடுபட்டுச் சேர்த்த அத்தனையும் ஒரே அண்டா என்று புரிந்ததும் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"படிக்க வந்த புள்ளயா? மூஞ்சி வாடிப்போச்சே. செத்த நேரம் இருங்க" என்று ரோசம்மாள் இலையைப் போட்டாள். சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் வந்தன. வேதசிரோமணி இலையைப் பார்த்தான். கதவோரம் வந்து நின்றவளையும் பார்த்தான். பிறகு, "கை கழுவத் தண்ணி வேணும்" என்றான்.

அமிர்தவல்லியே செம்பை நீட்டினாள்.

மறுநாள் விடிவதற்குள் தெருவுக்கே சேதி தெரிந்துவிட்டது. ராபர்ட்தான் முதலில் அவனைக் கூப்பிட்டார்.

"வாங்க தம்பி, அதான் அங்க கை நனைச்சிட்டியளே, இனி எங்களுக்கு என்ன வெக்கம்? எழுதிக்கிடுங்க. அண்டா ஒங்க மாமியாருது. நெலம் எம் மச்சானுது. எம்மவ போட்டிருந்த சங்கிலி கில்ட்டு."

வீடு வீடாக உண்மை வந்து விழுந்தது. வேதசிரோமணி புது அட்டவணையோடு சென்னைக்கு ரயிலேறினான்.

"இது எப்படி எடுத்தது?" என்றார் பேராசிரியர்.

"ஒரு வீட்டில் சாப்பிட்ட பிறகு எடுத்தது, ஐயா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீர் அனுப்பிய முதல் அட்டவணையே இருக்கட்டும். தேறிவிடலாம்."

"அது பொய், ஐயா."

"பொய்யாக இருக்கலாம். முறை சரியாக இருக்கிறதே!"

விரிவுரையாளர் நாற்காலி வேதசிரோமணியின் கண் முன்னால் வந்து நின்றது. ஆனால் முதல் அட்டவணையில் தெருவிலேயே தரித்திரமான வீடு ரோசம்மாளுடையது. அதைச் சர்வகலாசாலையில் பதித்துவிட்டு அந்த வீட்டில் எந்த முகத்தோடு விருந்துக்கு உட்காருவது? இரண்டாவது அட்டவணையை மேஜைமேல் வைத்தான்.

வேதக்கோவிலில் கல்யாண அறிவிப்பாக இரண்டாம் ஓலை வாசித்த வாரத்தில் தேறவில்லை என்று கடிதம் வந்தது. கல்யாணம் நடந்தது. பெருக்கல் வாய்பாடும் நடந்தது.

அடுத்த வருஷம் அதே வகுப்பில் படித்தவர் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபோது ஒரு விஷயம் சொன்னார். விதி பிசகாத விசாரணைக்கு மாதிரியாகப் பேராசிரியர் காட்டுவது வேதசிரோமணியின் முதல் அட்டவணையைத்தானாம். வேதசிரோமணிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மகள் வீட்டுக்கு வந்திருந்த ரோசம்மாள் விவரம் கேட்டாள்.

"வீட்டுக்கு ஒரு அண்டான்னா போட்டிருக்காவ? போடட்டும் மாப்ள. அம்புட்டும் நம்மதுதான?"

அந்த நேரம் அண்டா ராபர்ட் வீட்டில் இருந்தது. அவர் மகளைப் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். இன்னும் கை நனைக்கவில்லை.