என் தலையைப் பின்னிய கை

பேய் என்று யாராவது பேச்செடுத்தால் மலேசியாவில் எங்கள் தைப்பிங்கில் முதலில் சிரிப்பவள் நான்தான். இப்போது சிரிப்பதில்லை. ஜவ்வாது மலையில் எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அது என் தலைமுடி. என் கழுத்து. எனக்குத் தெரியாதா?

1979. நர்சு படிப்பு முடித்துச் சும்மா இருந்தேன். இந்தியாவில் மலைக் கிராமங்களுக்குப் போய்க் குழந்தைகளை எடை போடவும் மருந்து கொடுக்கவும் ஆள் கேட்டார்கள். சம்பளம் கிடையாது. பெயர் கொடுத்துவிட்டேன். பினாங்கில் கப்பல் ஏறி மதராசில் இறங்கினேன். கண்ணமங்கலம், படவேடு என்று பஸ் மாறினேன். அதற்கு மேல் நடைதான். என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறியவர் வேடியப்பன். அவர் வீட்டில்தான் நான் தங்க வேண்டும்.

மண் சுவர். புல் வேய்ந்த கூரை. வாசலில் அவர் மனைவி மங்கம்மாள் காத்திருந்தார்.

"வா இந்திராணி. கடலு தாண்டி வந்த புள்ள. இனிமே இது ஒன் வூடு."

எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே என் அம்மா இறந்துவிட்டாள். சித்தியிடம் வளர்ந்தவள் நான். 'உன் வீடு' என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. அன்றே மங்கம்மாளை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

அவர்களுக்கு ஒரு மகள். செந்தாமரை. பதினெட்டு வயது. நான் 'அம்மா' என்றதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.

தினமும் பொழுது சாயும்போது அம்மா அவளை முன்னால் உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்து, பின்னிவிடுவார். நான் எதிரில் உட்கார்ந்து மருந்துப் பெட்டியை ஒழுங்குபடுத்துவதுபோல் நடிப்பேன். கண் அந்த விரல்களிலேயே இருக்கும். வயிறு எரியும். இவளுக்குப் பிறந்த நாளிலிருந்து இது கிடைக்கிறது. எனக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லையே!

அம்மா கவனித்திருக்க வேண்டும்.

"நீயும் வாம்மா. ஒனக்கும் பின்னி வுடறேன்."

அதற்குப் பிறகு நான்தான் முதலில் போய் உட்காருவேன். செந்தாமரை சீப்பை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவள் காத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக நடக்க ஆரம்பித்தது.

அம்மாவுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பேன். விடியும்போது பாயோடு வாசல்படியில் கிடப்பேன். எல்லோரும் ஒரே சட்டிக் களியைத்தான் சாப்பிடுவோம். என் தட்டில் மட்டும் சாம்பல் இருக்கும். கொடியில் காய்ந்த துணிகளில் என் ரவிக்கை மட்டும் சேற்றில் கிடக்கும். காற்றில் விழுந்ததுபோல இருக்காது. மிதித்ததுபோல இருக்கும்.

செந்தாமரைதான். வேறு யார்?

விறகு பொறுக்கப் போனவளை வழிமறித்துக் கேட்டேன்.

"நான் இல்லக்கா."

"பின்ன யாரு?"

அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மாகிட்ட ரொம்ப ஒட்டாதீங்க. நான் அவ்ளோதான் சொல்லுவேன்."

சரியான பொறாமைக்காரி என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் சந்தோஷம்கூட. அவள் பொறாமைப்படும் அளவுக்கு அம்மா என்னுடையவராகிவிட்டாரே!

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு நாள், வேடியப்பன் செந்தாமரையைப் படவேட்டில் அத்தை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். அம்மா எனக்கு மட்டும்! பக்கத்து ஊர்க் குழந்தைகளை எடை போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன்.

வெளியே வெளிச்சம் இருந்தது. ஆனால் மலை முழுவதும் பனிமூட்டம். வீட்டுக்குள் மசமச இருட்டு. விளக்கு ஏற்றவில்லை. அடுப்பில் கொஞ்சம் கங்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. களைப்பாக இருந்தது. அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தேன்.

பின்னால் பாய் சரசரத்தது. யாரோ உட்கார்ந்தார்கள். எண்ணெய் வாசனை.

"அம்மா, இன்னைக்கு நான் மட்டும்தான்" என்றேன்.

விரல்கள் என் முடிக்குள் நுழைந்தன. ஜில்லென்று இருந்தன. தண்ணீர் எடுத்துவந்த கை என்று நினைத்தேன்.

சரக்... சரக்... சீப்பு இறங்கியது.

பின்ன ஆரம்பித்தார். நிறுத்தினார். பிரித்தார். மறுபடி ஆரம்பித்தார். அம்மாவின் கை இப்படித் தடுமாறாது. இது பின்னத் தெரியாத கை. யாரோ பின்னுவதை வெறுமனே பார்த்து மட்டும் பழகிய கை...

"அம்மா, வலிக்குது. மெதுவா..."

இன்னும் இறுகியது.

அப்போது வாசலில் குடம் இறக்கும் சத்தம். ணங்!

"இந்திராணி! வந்துட்டியா? வெளக்கு ஏத்தாம இருட்டுல இன்னா பண்ற?"

அம்மாவின் குரல்.

வெளியிலிருந்து.

என் பின்னால் அந்தக் கைகள் நிற்கவில்லை.

காதுக்குப் பக்கத்தில் மூச்சு. இளம் பெண்ணின் குரல்.

"எனக்கு ஒரு நாளுகூட... பின்னி வுடல..."

பின்னல் என் கழுத்தைச் சுற்றியது.

இன்னொரு சுற்று.

கத்த முடியவில்லை.

இறுகியது...

அம்மா உள்ளே ஓடிவந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். பயந்ததுபோலவே தெரியவில்லை.

"வுட்டுடு" என்றார் மெதுவாக. "இவ போய்டுவா. வுட்டுடு கண்ணு."

பிடி தளர்ந்தது. இருமிக்கொண்டே திரும்பினேன். யாரும் இல்லை. பாய் மட்டும் விரித்திருந்தது.

நான் எவ்வளவோ கேட்டேன். அம்மா வாயே திறக்கவில்லை. என் முடியில் விழுந்திருந்த சிக்கை அவராலும் பிரிக்க முடியவில்லை. வெட்டித்தான் எடுத்தோம். விடிந்ததும் பெட்டியைக் கட்டினேன். மிச்ச நாளெல்லாம் மலையின் அந்தப் பக்கத்தில் இன்னொரு ஊரில் தங்கி வேலை செய்தேன். செந்தாமரைதான் ஏதோ சூனியம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்து மனதுக்குள் அவளைச் சபித்துக்கொண்டே இருந்தேன்.

ஊருக்குத் திரும்பும் நாளில், கண்ணமங்கலம் பஸ் நிறுத்தத்தில் அம்மாவும் செந்தாமரையும் நின்றிருந்தார்கள். வழியனுப்ப மலையிறங்கி வந்திருந்தார்கள். நான் செந்தாமரையின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா புரிந்துகொண்டார்.

"இவமேல கோவப்படாத. இவளயும் அது வுட்டு வெக்கல. எத்தினி தடவ சாம்பலு சோறு தின்னுருக்கா!"

"எதும்மா?"

"இவகூடப் பொறந்தது. ரெட்டப் புள்ள. பொறந்த மூணாம் நாளு போய்ட்டுது. வூட்டுப் பின்னாலதான் பொதச்சோம். பேருகூட வெக்கல."

"மூணு நாள் கொழந்தையா? இல்லம்மா... அது கொழந்தை கை இல்ல..."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அத பாத்ததே இல்லம்மா. கொரலு மட்டுந்தான் கேக்கும். ஒன்னத்தான் அது தொட்டுருக்குது. சொல்லு. கை எம்மாம் பெருசு?"

பஸ் கிளம்ப விசில் அடித்தார்கள். இவ்வளவு பெரிது என்று என் கையை விரித்துக் காட்டினேன்.

அம்மா தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அளந்து பார்த்தார். கண் கலங்கியது. முகம் மெல்ல மலர்ந்தது.

"வளந்துட்டா..." என்றார்.

அப்படி ஒரு முகத்தை அவர் எனக்குக் காட்டியதில்லை. பக்கத்தில் நின்ற செந்தாமரையைப் பார்த்தேன். அவளுக்கும் காட்டியதில்லை என்று தெரிந்தது.