முனி கோவில் சிக்னல்

கொரோனா வந்து கெம்பஸை மூடியதும் அக்கா பெட்டியோடு தலவாக்கலையில் வந்து இறங்கினாள். எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண். இனிப் பாடமெல்லாம் போனில்தான் என்றார்கள். எல்லாம் யோசித்தவர்கள், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை.

சிக்னல் இருந்தது மேலே முனியாண்டி கோவிலில். கோவில் என்றால் ஒரு கல், ஒரு சூலம், ஒரு மரம். அந்த மரத்தடியில் குடைபிடித்து உட்கார்ந்து அக்கா படித்தாள். துணைக்குப் போன நான் அவள் காலில் ஏறும் அட்டைகளைப் பிடுங்கிப் போடுவேன். "சாமி பக்கத்துலயே இருந்து படிக்குது புள்ள" என்று அப்பா கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாரிடமும் சொல்லிப் பூரித்தார்.

வாய்மொழிப் பரீட்சையும் போனிலேயே வந்தது. தவறவிட்டால் அடுத்த முறை செய்யலாம்; ஆனால் முதல் வகுப்பு கிடையாது, அவள் ஆசைப்பட்ட விரிவுரையாளர் வேலையும் கிடையாது. அன்று காலை அவள் குடையை எடுத்ததும் அம்மா வாசலை மறித்தாள்.

"இன்னும் தலைக்கு ஊத்தல. அங்க போவக்கூடாது."

"பரீட்சைம்மா! சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "சாமி கோவிக்காதும்மா, லயம் கோவிக்கும். கீழ் லயத்துல கொரோனா வந்ததே சாமி குத்தம்னுதான் பேசிக்கிறாங்க. பழிய நம்ம மேல போட்டுருவாங்க."

அக்கா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கும் கக்கூசுக்கும் அலைந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டு மலையேறி ஓடினேன். உச்சியில் பரீட்சை எடுக்கும் சாரின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

"சார், அக்கா கீழதான் நிக்கிறா. இருங்க, கூப்பிடுறேன்."

கத்திக் கூப்பிட்டேன். லயமே வெளியில் வந்து பார்த்தது. அக்கா தேயிலைச் செடியைப் பிடித்தபடி அடிவாரத்திலேயே நின்றாள். ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. சார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"உங்கட அக்காவுக்குப் பொறுப்பே இல்லையா, தங்கச்சி?"

முகம் மறைந்தது. இறங்கி வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, சார் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் என்னை அடித்திருக்கலாம். போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் வயதுக்கு வந்த பிறகு, மாதத்தில் அந்த நாட்களில் முனி கோவில் பக்கம் போகக்கூடாது என்று அம்மா சொன்னாள். அதுவரை சார் சொன்னதுதான் சரி என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.