மஞ்சளுக்கு ஊதா

திருவனந்தபுரத்தில், கரமனையில் ஒரு பியூட்டி பார்லரில் என் சித்திக்கு வேலை. மாப்பிள்ளை வீட்டாரை ஏமாற்றத்தான் தனக்குச் சம்பளம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கண்ணுக்குக் கீழே கருவளையமா, ஆரஞ்சு. பரு சிவந்திருக்கிறதா, பச்சை. எதிர் நிறத்தால் அதை அடக்கி, மேலே தோலின் நிறத்தைப் பூசினால் முகம் ஒரே சீராகிவிடும். எட்டு வயதில் எனக்கு வாய்ப்பாடு வராது. இது தலைகீழ்ப் பாடம்.

அந்த வருஷம் அம்மாவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. முதலில் கீழாநெல்லி, பிறகு டாக்டர். ஈரல் கெட்டிருக்கிறது, உடனே ஆஸ்பத்திரியில் சேரணும் என்றார் அவர். அம்மா கேட்கவில்லை. கல்ஃபில் இருந்த அப்பாவுக்கு இரண்டு மாதத்தில் லீவு. இடையில் கிளம்பினால் வேலை போய்விடும். அவர் வந்ததும் படுத்துக்கொள்கிறேன் என்றாள். என்ன பிடிவாதமோ, பாழாய்ப்போன பிடிவாதம்!

அடுத்த வீட்டுச் சேச்சி போனில் அப்பாவிடம் உளறிவிட்டாள். வெள்ளிக்கிழமை வீடியோவில் அம்மாவைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடப்போவதாக அப்பா சொன்னார்.

அன்று காலையிலேயே சித்தி பெட்டியோடு வந்தாள்.

“மஞ்சளுக்கு என்னடி?”

“ஊதா.”

“மிடுக்கி!” என்றாள்.

ஊதாக் களிம்பை அவள் தொட்டுத் தொட்டு வைக்க, பஞ்சால் ஒற்றியது நான். அதன் மேல் தோல் நிறம், கொஞ்சம் பவுடர். மஞ்சள் போன இடம் தெரியவில்லை. நோயும் போய்விட்டது என்றே நான் நம்பினேன். கண்ணுக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. குனிந்து கீரை ஆய்ந்தபடியே பேசு என்று சித்தி அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். மனசு சமாதானமாகவில்லை போலும், போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

“மக்ளே, நீ பொய் சொல்ல மாட்டே. நல்லாப் பாத்துச் சொல்லு கேட்டியா. அம்மைக்கு மொகம் மஞ்சளா இருக்கா?”

நான் திரும்பி அம்மாவை நன்றாகப் பார்த்தேன்.

“இல்லப்பா. ஒட்டும் இல்ல, துளிகூட இல்ல. ரொம்ப அழகா இருக்கா.”

அப்பா சிரித்தார். அப்படியானால் லீவுக்கே வருகிறேன் என்றார். போனை வைத்ததும் அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். சந்தோஷம் என்று நினைத்தேன்.

ஐந்து வாரம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள்.

அப்பா வந்து சேர்ந்தபோது, சுமங்கலி என்று அம்மாவின் முகத்தில் மஞ்சள் பூசிக் கிடத்தியிருந்தார்கள். அவர் அங்கேயே உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

“அன்னைக்கு நீ பாத்துட்டுத்தானே சொன்னே, மக்ளே?”

“சத்தியமாப் பாத்துட்டுதான்ப்பா சொன்னேன்.”

சுவரோரம் இருந்த சித்தி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பா என் தலையில் கை வைத்தார்.

“ஆமா. நீ பொய் சொல்லல்ல.”

அத்தனை அழுகைக்கு நடுவிலும் எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. அன்று ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் அப்பா உடனே கிளம்பி வந்திருப்பார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.