டீச்சரின் மூச்சும் நான் பார்க்காத ரோபோவும்

எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுப்பது என்றால், இருட்டறையில் திரையைப் பார்த்துக்கொண்டு மற்றவர்களை மூச்சை நிறுத்தச் சொல்லும் வேலை. கண்ணால் காணாததற்கெல்லாம் விளக்கம் சொல்லிப் பிழைப்பவர்களுக்கு என் பாடு புரியும். இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆன சமயம், திண்டுக்கல்லில் ஓர் இதய கிளினிக்கில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தப்பாக ஏதும் சொல்லிவிடுவேனோ என்று எப்போதும் பயம்.

ஐந்து எண்ணும் வரை

ஆரோக்கியமேரி டீச்சர் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். சிறு வயதில் நெஞ்செலும்பைத் திறந்து இதயத்தில் ஓட்டை அடைத்திருந்தார்கள். இப்போது வால்வு கசிந்தது. "மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க" என்றேன். படம் தெளிவாக விழ ஐந்து எண்ண வேண்டும். மூன்றிலேயே அவருக்கு இரைத்தது.

"முன்னெல்லாம் ஒரு மூச்சுல ஒரு வரி முழுசாப் பாடுவேன் தம்பி. இப்ப வாயை மட்டும் அசைச்சிட்டு நிக்கிறேன்."

கரண்டு

ஒருமுறை திறந்து மூடிய நெஞ்செலும்புக்குப் பின்னால் இதயம் ஒட்டியிருக்கும். மறுபடி அங்கே திறப்பது ஆபத்து. விலாப்பக்கம் சிறு துளைகள் போட்டு, ரோபோ கைகளால் வால்வைச் சரிசெய்யும் டாக்டர் ஒருவர் சென்னையில் இருந்தார். அவர் சம்மதிக்க வேண்டும். கைகளை ஆட்டுவிப்பது டாக்டர்தான் என்று டீச்சரின் கணவருக்கு விளக்கினேன். வடமதுரையில் விதைக்கடை வைத்திருந்த அவர் ஒன்று கேட்டார்.

"எல்லாஞ் சரி அப்பு, கரண்டு போனா என்ன செய்வாக?"

ஜெனரேட்டர் இருக்கும் என்றேன். நீ பார்த்திருக்கிறாயா என்றார். இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.

"அப்பச் சரி. ஒனக்கும் எனக்கும் ஒரே பயந்தான்."

பழைய படம்

பழைய ஆபரேஷன் குறிப்பும் எக்ஸ்ரேயும் வேண்டும் என்றார்கள் சென்னையில். டீச்சர் மஞ்சள் பையைக் கவிழ்த்தார். குறிப்பு இருந்தது. எக்ஸ்ரேயில் ஓர் ஓரத்துண்டு மட்டும் இருந்தது.

"சூரிய கிரகணத்துக்கு வெட்டிக் குடுத்துட்டேன். மூணாங்கிளாஸ் பூராவும் என் நெஞ்சு வழியாத்தான் கிரகணம் பாத்துச்சு தம்பி."

திங்கட்கிழமைகள்

புதிதாகப் படம் எடுத்து அனுப்பினோம். பதில் வரும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும், பள்ளி மணி அடிக்கும் முன் டீச்சரிடமிருந்து போன் வரும். மறுமுனையில் ஒரே சொல்.

"வந்துச்சா?"

அதே கட்டில்

வந்தது, சென்னை டாக்டரின் சம்மதம். ஆபரேஷனும் நடந்தது. மூன்று மாதம் கழித்து டீச்சர் அதே கட்டிலில் படுத்தார். மறுபடியும் மூச்சை விட்டுவிட்டு நிறுத்தச் சொன்னேன். கசிவு அநேகமாக இல்லை. நம்பாமல் மறுபடி அளந்தேன். ஐந்து போனது, எட்டு போனது, மூச்சை இழுக்கச் சொல்லவே மறந்துவிட்டேன். தலையணையில், வகுப்பில் பிள்ளைகள் அனுமதி கேட்பதுபோல் டீச்சரின் ஒரு விரல் உயர்ந்தது. பிறகு நீண்ட மூச்சு.

"இம்புட்டு நேரம் நிறுத்தி வைப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா, ஒரு வரி பாடி முடிச்சிருப்பேனே."

அந்த ரோபோவை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று இன்னும் ஏங்குகிறேன். அதுவரை, பார்க்காதவர்களுக்கு அதை விளக்கிக்கொண்டிருப்பதும் பார்க்காத நான்தான்.