அடுப்பு அவனுடையது, சமையல் என்னுடையது

மற்றவர் குசினியில் சமைக்கிறவனுக்குக் கை சுடுவது பெரிய விஷயமில்லை. பாராட்டு வேறொருவனுக்குப் போகும்போது வயிறு எரிவதற்குத்தான் மருந்து கிடையாது. அந்த எரிச்சல் உங்களிலும் பலருக்கு இருந்திருக்கும். கேளுங்கள்.

நான் திருகோணமலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கப்பல் சமையல்காரனாகப் போய், எழுபத்துநாலில் மெல்பேணில் இறங்கி, அங்கே பலக்லாவா என்ற பகுதியில் ஒரு யூதச் சமையல்கூடத்தில் சேர்ந்தேன். முதலாளி மிஸிஸ் கிளாரா, போலந்துக்காரி. யூதர் வீட்டுக் கலியாணங்களுக்கும் பண்டிகைகளுக்கும் சாப்பாடு செய்து அனுப்புவார். யூதர் அல்லாதவன் தனியே சமைத்தது அவர்களுக்கு ஆகாது. அடுப்பையாவது ஒரு யூதர் பற்றவைக்க வேண்டும். அதற்கென்றே ஒருவன் இருந்தான்: எலியாஸ், கொச்சி யூதன். காலையில் வந்து அடுப்பைப் பற்றவைப்பான். இறைச்சி, மீன், முட்டை எல்லாம் முறைப்படிதானா என்று பார்ப்பான். பிறகு கதிரையில் இருந்து பத்திரிகை வாசிப்பான். கொச்சி மிளகுக் கடைகளில் தமிழ் பழகியவன். என்னைவிட இரண்டு வயது இளையவன், ஆனால் என்னைத் "தம்பி" என்பான்.

நாலாம் வருடம் மிஸிஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "என் முழங்கால் இனித் தாங்காது. பாஸ்கா பண்டிகை முடிந்ததும் குசினியை உங்களில் ஒருவரிடம் விடப்போகிறேன்." பாஸ்காவுக்கு ஆறு மாதம் இருந்தது. அந்த ஆறு மாதமும் எனக்கு நித்திரை இல்லை.

மீனுக்குச் சீனி

போலந்து யூதர்கள் மீனை அரைத்து, உருண்டை பிடித்து அவித்து, ஆறவைத்துச் சாப்பிடுவார்கள். அதில் சீனி போடுவார்கள். மீனுக்குச் சீனி போடுகிற ஆட்களை நான் எந்தத் துறைமுகத்திலும் கண்டதில்லை. ஒரு நாள் மிஸிஸ் டொக்டரிடம் போயிருந்த நேரம், சீனியைப் பாதியாக்கி, மிளகும் இஞ்சியும் இரண்டு பச்சை மிளகாயும் சேர்த்து அரைத்துவிட்டேன்.

வாங்கிப்போன கிழவர் ஒருவர் அன்று பின்னேரமே வெறும் கிண்ணத்தோடு திரும்பி வந்தார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வாசலில் எலியாஸ்தான் நின்றான். கிழவர் அவன் தோளில் தட்டிச் சொன்னார்: "எலியாஸ், இது என் அம்மா செய்த மீன் மாதிரி இல்லவே இல்லை. இன்னும் ஆறு உருண்டை தா."

தோல் எங்கே

கிழவரின் பாராட்டு எலியாஸுக்குப் போன ஆத்திரத்தில், அடுத்த கிழமை அதைவிட நல்ல மீன் உருண்டை செய்து காட்ட நினைத்தேன். இந்த ஊரில் சுறாவைத் தோல் உரித்து வேறு பெயரில் விற்பார்கள். மெல்பேண் முழுக்கப் பொரித்துத் தின்பது அதைத்தான். சுறாவை அவித்து உதிர்த்து வறுக்கிற வறையைத் தின்று வளர்ந்தவன் நான். உதிர்த்த மீனுக்கு அதை மிஞ்ச எது இருக்கிறது? செட்டையும் செதிளும் உள்ள மீன்தான் அவர்களுக்கு ஆகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் சுறாத் தோலைத் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கையை அரம் போல அராவும். செதிள் இல்லாமலா அப்படி அராவுகிறது என்று நினைத்து, எலியாஸிடம் காட்டாமலே அரைத்துவிட்டேன்.

பானை பாதி வெந்திருந்தது. எலியாஸ் எட்டிப் பார்த்து, "தோல் எங்கே, தம்பி?" என்றான். செதிள் இருந்ததா என்று தோலைப் பார்த்துத்தான் அவன் சொல்ல முடியும். நான் அரத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் தலையில் கைவைத்து இருந்துவிட்டான். முழுவதையும் கொட்டினோம். அந்தப் பானையையும் ஒதுக்கிவைத்தோம். மிஸிஸ் குப்பை வாளிக்கு மேலே குனிந்து மோந்து பார்த்தார். எனக்குப் பேச்சு விழும் என்று நின்றேன். அவர் சொன்னது இதுதான்: "நாறியிருந்தால் எறிவது சுகமாக இருந்திருக்கும்."

உடைத்த தேங்காய்

ஒரு நிச்சயதார்த்த விருந்துக்குக் கோழிக்கறி வைத்தேன். உலர்ந்த தேங்காய்ப்பூவை வெந்நீரில் ஊறவைத்து, விரல் வீங்கப் பிழிந்து எடுத்த பாலில் வைத்த கறி. இறைச்சியோடு பசுப்பால் சேர்வது அவர்களுக்கு அடியோடு ஆகாது. வெள்ளைக் குழம்பில் கோழி மிதப்பதைக் கண்டதும் தாடி வைத்த பெரியவர் ஒருவர் கரண்டியைக் கீழே வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள்.

எலியாஸ் குசினிக்குள் ஓடிவந்தான். "தம்பி, வேகமா ஒரு தேங்காய் உடை." "பிள்ளையாருக்கோ?" என்று கேட்டேன். அலங்காரத்துக்கு வைத்திருந்த தேங்காயை உடைத்துக் கொடுத்தேன். அவன் இரண்டு பாதியையும் கறிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். பால் எதிலிருந்து வந்ததோ அதைக் கண்முன் வைத்துவிட்டால் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வராது என்பது அவர்கள் வழக்கமாம். "எங்கள் கொச்சி வீட்டில் கோழிக்கு இந்தப் பால்தான்" என்று சபைக்கு விளக்கினான். பெரியவர் கரண்டியை எடுத்தார். சட்டி காலியாயிற்று. நான் வீங்கிய விரல்களைத் துடைத்துக்கொண்டு நிற்க, பெண் வீட்டு அன்ரி ஒருவர் எலியாஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்: "இந்தக் கைகளுக்கு ஒரு நோயும் வரக்கூடாது."

காஸ்காரன் வந்த வெள்ளிக்கிழமை

பாஸ்காவுக்கு மூன்று கிழமை முந்திய வெள்ளிக்கிழமை. எண்பது பேருக்குச் சாப்பாடு. பொழுதுபட்டால் அவர்களுக்கு ஓய்வுநாள், அதற்குமுன் எல்லாம் வெந்திருக்க வேண்டும். எலியாஸ் காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு இறைச்சிக் கடைக்குப் போனான். மிஸிஸ் ஆஸ்பத்திரியில். மத்தியானம் காஸ்காரன் வந்து குழாய் திருத்துகிறேன் என்று எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டுப் போனான். எலியாஸ் வரவில்லை.

தீப்பெட்டி என் கையில். ஒரு குச்சியை எடுத்துவிட்டேன். நானே பற்றவைத்தாலும் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சுறாவைக் கொட்டியது ஞாபகம் வந்தது. குச்சியைப் பெட்டியில் திருப்பி வைத்தேன். பற்றவைக்காமல் சும்மா நின்றால் பழி எலியாஸுக்கு, குசினி எனக்கு. உண்மையைச் சொல்கிறேன், அது இனித்தது. அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு ஊறிய அரிசியைப் பார்த்தேன். அவன் பெயர் கெடுவதற்காக என் சோறு பழுதாவதா? வெளியே ஓடினேன். ட்ராமுக்கு நின்ற மிஸிஸ் ரிவ்கா, எங்கள் பழைய யூத வாடிக்கைக்காரி, பைகளோடு உள்ளே வந்து எட்டு அடுப்பையும் பற்றவைத்தார். சாப்பாடு நேரத்துக்குப் போனது. அடுத்த கிழமை அவர் எங்கள் வாசலில் நின்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்: "எண்பது பேருக்குத் தனியாகச் சமைத்தேன், கையில் ஒரு கறைகூட இல்லை."

பாஸ்காவுக்குப் பிறகு

பண்டிகை முடிந்த மறுநாள் மிஸிஸ் சாவியை என் முன்னால் வைத்தார். "ரிவ்கா அன்று கடைக்குப் போகும் வழியில் ஜன்னலால் பார்த்தாளாம், நீ ஒரு குச்சியை எடுத்துத் திருப்பிப் பெட்டியில் வைத்ததை. ஒருவரும் இல்லாத நேரம் அப்படிச் செய்கிறவனிடம் குசினியை விடலாம்" என்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்ற அரை மணி நேரத்தை ரிவ்கா பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சாவியை எடுக்குமுன் எலியாஸைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகம் வாடுவதைக் காண ஆறு மாதம் காத்திருந்தவன் நான். அவன் சிரித்துக்கொண்டு நின்றான். "நல்லதாப் போச்சு, தம்பி. எனக்கு வேண்டாம், அவனுக்கே குடுங்கன்னு நம்ம ரெண்டு பேரையும் கூப்பிட்ட அன்னிக்கே சொன்னேன். சுறாவுக்கு அப்புறம்தான் இவங்க உனக்குக் குடுக்கத் தயங்க ஆரம்பிச்சாங்க."

ஆறு மாதம் மூச்சு வாங்க ஓடி நான் வென்ற பந்தயத்தில் மற்றவன் ஓடவேயில்லை என்பதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.