ஒளிராத குடுவை

செல்வநாயகி கழுவிய குடுவையில் குறை கண்டவர் கிடையாது. பருத்தித்துறையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து பல்கலைக்கழக இரசாயன ஆய்வுகூடத்தில் கண்ணாடி கழுவத் தொடங்கி இருபத்திரண்டு வருடம். கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீரைத் தொடமாட்டாள், சுண்ணாம்பு படியும். காய்ந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகுதான் கொடுப்பாள்.

பஞ்சு உருட்டுவதும் அவள்தான். கலவையைப் பிரித்தெடுக்கும் நீண்ட கண்ணாடிக் குழாயின் அடியில் சிறிது பஞ்சு அடைக்க வேண்டும். இறுகினால் திரவம் இறங்காது. தளர்ந்தால் உள்ளே நிரப்பிய தூள் கொட்டும். கையுறை வழுக்கும் என்று அதை மட்டும் வெறும் விரலால் உருட்டுவாள்.

"என்னக்கா, கோயிலுக்குத் திரியோ?" என்பான் களஞ்சியக்காரன் கேதீஸ்வரன்.

"ஓம், உம்மடை மண்டைக்குள்ளை கொளுத்திவிட."

ஆராய்ச்சி மாணவி ஆரணிக்கு இரண்டு வருடமாக ஒரே வேலை. நீண்டு கிடக்கும் கரிம மூலக்கூறின் இரு நுனிகளையும் சேர்த்து வளையமாக்குவது. வளையம் மூடினால் அந்தப் பொருள் யூவி விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். நுனிகளைச் சேர்த்து வைப்பது துளியளவு பலேடியம் என்ற உலோகம். சேர்த்துவிட்டுத் தான் மாறாமல் விலகிக்கொள்ளும். அதை நிரூபிக்க, பலேடியம் போட்ட குடுவை ஒன்று, போடாதது ஒன்று. போடாதது ஒளிரக்கூடாது. வெள்ளிக்கிழமை பேராசிரியருக்குக் காட்டவேண்டும்.

புதன்கிழமை முதலாவதைக் குழாயில் ஊற்றிப் பிரித்தார்கள். நீலம். வியாழன் இரண்டாவது. அதுவும் ஒளிர்ந்தது, மஞ்சள் கலந்த பச்சையாக.

ஆரணி முக்காலியில் இருந்துவிட்டாள். "பலேடியம் இல்லாமலும் ஏதோ வருதக்கா. நாளைக்குச் சேர் கண்டா முதல்லை இருந்து தொடங்கு எண்டுதான் சொல்லுவார்."

"குடுவை ஊத்தையா இருந்திருக்கும்" என்றான் கேதீஸ்வரன்.

"என்ரை குடுவையோ?"

செல்வநாயகி வெடுக்கென்று அதை எடுக்கக் கை நீட்டினாள். விளக்கின் கீழே அவளுடைய நகக்கண்கள் பச்சையாக மினுங்கின.

காலையில் பாரை மீனுக்கு மஞ்சளும் உப்பும் பிரட்டி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தாள். சவர்க்காரத்துக்குத் தப்பி நகத்துக்குள் நின்றிருக்கிறது. வந்து பஞ்சு உருட்டியதும் அந்த விரல்தான்.

கையை மடக்கியிருக்கலாம், மற்ற இருவரும் கவனிக்கவில்லை. செல்வநாயகி விரல்களை விரித்துக் குடுவைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"பார் பிள்ளை. ரெண்டும் ஒரே நிறம். உது உன்ரை வளையமில்லை. எங்கடை வீட்டு மீன் பொரியல்."

கேதீஸ்வரனுக்குச் சிரிப்பில் புரையேறியது. ஆரணி சிரிக்கவில்லை. பலேடியம் போடாத கலவையில் பத்திரப்படுத்தியிருந்த மீதியை எடுக்க ஓடினாள்.

இம்முறை செல்வநாயகி விரல் படாமல் பஞ்சைச் சாமணத்தால் பிடித்துச் சுருட்டினாள். ஒன்பது சரிவரவில்லை. பத்தாவது குழாய்க்குள் அளவாக இருந்தது.

வெள்ளி காலை விளக்கைப் போட்டார்கள். நீலக் குடுவைக்குப் பக்கத்தில் மற்றது இருந்த இடமே தெரியவில்லை.

ஆரணி குறிப்பேட்டில் வியாழன் வந்த பச்சைக்கு நேரே 'மாசு கலந்தது' என்று எழுதினாள். செல்வநாயகி எட்டிப் பார்த்தாள்.

"ஆரின்ரை மாசு? வடிவா எழுது."

"வேண்டாமக்கா, சேர் பார்ப்பார்."

"பார்க்கத்தானே எழுதுறது."

ஆரணி வெட்டிவிட்டு எழுதினாள்: 'செல்வநாயகியின் விரலிலிருந்த மஞ்சள். கண்டுபிடித்தவரும் அவரே.'

பேராசிரியர் வந்தார். குறிப்பேட்டை வாசித்தார், நீலத்தையே நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த இருட்டைக் காட்டி, "இதிலை ஒண்டுமே இல்லையே?" என்றார்.

"ஒண்டுமில்லை, சேர்" என்றாள் செல்வநாயகி. "அது நான் கழுவினது."